சின்னப்பாவின் முதுகும் ஒன்பது பேர் குழுவும்

மர்பி டவுன் சின்னப்பாவுக்கு முதுகுவலி வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆபரேஷன் செய்துகொள்வதா வேண்டாமா என்ற கேள்வி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வலியைவிடக் கேள்விதான் அதிகம் படுத்தியது. வலி படுத்தால் குறைந்தது. கேள்வி படுத்தால்தான் பெரிதாயிற்று.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பெல்ட் கட்டும் இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே, யாரோ ஸ்பானர் போட்டு முறுக்குவது மாதிரி வலிக்கும். இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. சிக்னலில் வேன் நின்றால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடுப்பைச் சீட்டிலிருந்து தூக்கிக்கொள்வார். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர்கள் அவர் யாருக்கோ மரியாதை செலுத்துவதாக நினைத்துக்கொள்வார்கள். குனிய முடியாததால் காலையில் ஷூ மாட்டிவிடுவது மனைவி ஐரின். ஐரின் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலர்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். ஷூ லேஸையும் அதே கண்டிப்போடு கட்டுவாள். அந்த ஒரு நிமிஷம் சின்னப்பா அவளைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேன் முதலாளி கோவிந்தப்பா கெட்டவர் இல்லை. "ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள சரி பண்ணிக்கோ குரு. இல்லாட்டி நான் வேற டிரைவர் பாக்கணும். பேஜார் பண்ணிக்காத," என்று ஏப்ரல் கடைசியில் சொல்லிவிட்டார்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. சிவாஜிநகர் பக்கம் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம், செய்யாமலும் பார்க்கலாம், எதற்கும் ஒரு ஸ்பைன் ஸ்பெஷலிஸ்டைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். வெளியே நூற்றுப் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

சின்னப்பா முதலில் ஸ்பெஷலிஸ்ட் அல்லாதவர்களைக் கேட்டார். ஆஸ்டின் டவுனில் இருந்த நண்பர் டேரில் இரண்டு வருஷத்துக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டவர். கேட்டவுடன் ஒன்றும் பேசாமல் எழுந்து நின்று, குனிந்து தன் கால் கட்டைவிரலை இரண்டு தடவை தொட்டுக் காட்டினார். கோலார் தங்கவயலில் இருந்த பெரியப்பா மகன் தாஸும் அதே ஆபரேஷன் செய்துகொண்டவர்தான். அவர் போனில், "கத்தி மட்டும் வெக்க வுட்டுடாதடா. நான் இப்ப நின்னுகினுதான் சாப்பிடறேன்," என்றார். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

அதனால்தான் ரிங் ரோடில் இருந்த ஊர்த்வா ஸ்பைன் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார்கள். ஐரின் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் அங்கே செல்லும். ஒன்பது மாடி, முழுக்கக் கண்ணாடி. வாசலில் கன்னடம், இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் எழுதியிருந்தது: 'உங்கள் முதுகு. உங்கள் முடிவு.' இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு சின்னப் பதில் கண்டிப்பாக இருக்கும் என்று சின்னப்பா நம்பினார்.

வரவேற்பில் ரூபினி என்ற பெண் கைகூப்பினாள். அவள் சட்டையில் 'டெசிஷன் கம்பேனியன்' என்று பேட்ஜ் இருந்தது. நோயாளி ஒரு முடிவுக்கு வருகிறவரை கூடவே நடப்பது தன் வேலை என்று சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்மா," என்றார் சின்னப்பா. "ஆபரேஷன் பண்ணிக்கணுமா, வேணாவா?"

"ரொம்ப அழகான கேள்வி சார்," என்று ரூபினி அதை டேப்லெட்டில் குறித்துக்கொண்டாள். "அதுக்குத்தான் நாம ஒரு ஜர்னி போகப்போறோம். மொதல்ல உங்க வலிக்கு ஒரு நம்பர் குடுங்க. பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள."

"உக்காந்தா வலிக்குதும்மா. எழுந்தா..."

"நம்பர் மட்டும் சார். உங்க வாழ்க்கையிலயே பெரிய வலி எதுவோ, அது பத்து."

சின்னப்பா கண்ணை மூடி நேர்மையாக யோசித்தார். பயில்வான்களையே அலறவைக்கும் கிட்னிக் கல் வலி அவருக்கும் ஒரு முறை வந்திருந்தது. அது பத்து. அதோடு ஒப்பிட்டால் இது ஆறு. ஆறு என்றார். டேப்லெட்டில் உதட்டைப் பிதுக்கிய ஒரு மஞ்சள் முகம் வந்தது.

"ஆறுன்னா மஞ்சள் மண்டலம் சார். ஏழுன்னா ஆபரேஷன் பக்கம் போகலாம். அஞ்சுன்னா எக்ஸர்சைஸ் பக்கம் போகலாம். ஆறுக்கு எங்ககிட்ட பக்கம் இல்ல."

"அப்ப ஏழு போட்டுக்கோயேன்."

"வலியைத் திருத்தணும்னா அஃபிடவிட் வேணும் சார். நோட்டரி கையெழுத்தோட."

"கிட்னிக் கல்லு வராமயே இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று ஐரின் கேட்டாள்.

"அப்ப சாருக்கு இந்நேரம் ஆபரேஷன் தியேட்டர் புக் ஆயிருக்கும் மேடம்," என்றாள் ரூபினி, கொஞ்சம் வருத்தத்தோடு.

காத்திருக்கும் கூடத்தில் இத்தாலியிலிருந்து வந்த நாற்காலிகள் இருந்தன. முழங்கால் உயரம், பஞ்சு மெத்தை, பின்பக்கம் சரிவு. முதுகுவலிக்காரன் ஒருவன் அதில் உட்கார்ந்தால் தானாக எழ முடியாது. நிர்வாகத்துக்கு இது தெரிந்திருந்ததால், உட்கார்ந்தவர்களைத் தூக்கி நிறுத்துவதற்கென்றே ஊதா பனியன் போட்ட இரண்டு பேரை நியமித்திருந்தார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடி ஓடித் தூக்கியதில் அவர்களில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்திருந்தது. சின்னப்பா சுவரோரமாக நின்றுகொண்டார். உடனே செக்யூரிட்டி வந்தார்.

"சார், இங்க நிக்கறாங்கில்லா, நிக்கக்கூடாது. உங்க கம்ஃபர்ட்டுக்காக."

உட்கார்ந்தார். பெயர் கூப்பிட்டபோது, தூக்குகிறவர்கள் வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் அவர் முறை போய்விட்டது. அது முதல் நாள்.

இரண்டாம் நாள் 'வாழ்க்கை இலட்சியப் பட்டறை'. எட்டு நோயாளிகளை வட்டமாக உட்காரவைத்து, முதுகு சரியானால் என்ன செய்ய ஆசை என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். சுவரில் ஒரு நரைத்த தம்பதி இமயமலையில் குதித்துக்கொண்டிருக்கும் படம் மாட்டியிருந்தது. முத்தம்மா என்ற அம்மாள், கக்கூஸில் உட்கார்ந்து எழ முடிந்தால் போதும் என்றாள். சின்னப்பா, வேன் ஓட்ட வேண்டும், ஷூவைத் தானே மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார். பட்டறையை நடத்தியவர் முகம் வாடிவிட்டது.

"இவ்வளவு சின்ன கனவுக்கு ஆபரேஷன்னு போட்டா சிஸ்டம் ஏத்துக்காது சார். ஒரு டிரெக்கிங், ஒரு ஸ்கூபா டைவிங்... ஏதாவது?"

"எனக்கு நீச்சலே தெரியாதுங்களே."

"அது தடையில்ல. கனவுதானே?"

கடைசியில் ஸ்கூபா டைவிங் என்றே எழுதிக்கொண்டார்கள். முத்தம்மாவுக்குப் பாராசூட்.

மூன்றாம் நாள்தான் டாக்டரைப் பார்க்க முடிந்தது. டாக்டர் வாதிராஜுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கை நல்ல கை என்று ஊரே சொன்னது. அவர் மேஜைக்கு மேல் சுவரில் ஒரு கேமரா சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் சின்னப்பாவைப் பார்க்கவில்லை. ஸ்கேனைப் பார்த்து, ஸ்கேனிடமே பேசினார். நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே டிஸ்க் பிதுங்கல். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலருக்கு நல்லாயிற்று, சிலருக்கு ஆகவில்லை. செய்துகொள்ளாதவர்களிலும் பலருக்கு நல்லாயிற்று, சிலருக்கு ஆகவில்லை. இதை ரயில் அறிவிப்பு மாதிரி மூன்று மொழியில் சொன்னார்.

"சார், நீங்க என் எடத்துல இருந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று சின்னப்பா கேட்டார்.

டாக்டர் கேமராவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க எடத்துல இருக்க எனக்கு பர்மிஷன் இல்ல," என்றார்.

நான்காம் நாள் பரீட்சை. நோயாளி விஷயம் தெரிந்துதான் சம்மதிக்கிறார் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். இருபத்தைந்து கேள்வி, முப்பது நிமிஷம், தேற பதினைந்து மார்க். முதுகெலும்பின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லும் கேள்விக்கு மட்டும் ஐந்து மார்க். சின்னப்பா பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பென்சிலோடு போய், பதினொன்று வாங்கினார். துணைக்கு வந்தவர்களும் எழுதலாம் என்றதால் ஐரினும் எழுதினாள். அவளுக்கு இருபத்துமூன்று. அவள் வரைந்த எலும்பில் ஒரு கோணல் இல்லை.

அன்று சாயங்காலமே ஐரின் போனுக்கு வாழ்த்துச் செய்தி வந்தது. அவள் ஆபரேஷனுக்குத் தகுதி பெற்றுவிட்டாள். மறுநாள் காலை வெறும் வயிற்றில் வர வேண்டும்.

"எனக்கு முதுகுவலியே கிடையாதேம்மா," என்று ரூபினியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

ரூபினி கணினியில் தேடிப் பார்த்தாள். "பரவாயில்ல மேடம். ஃபாரத்துல வலிங்கற கட்டம் கட்டாயமில்ல. சம்மதம்தான் கட்டாயம். உங்க சம்மதம் ரொம்ப நல்லா இருக்கு, ரத்துப் பண்ண மனசு வரலை."

ரத்துப் பண்ண மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் ஐரின் ஆஸ்பத்திரிக்குள் தனியாக எங்கும் போகவில்லை.

மே மாதம் பாதி முடிந்துவிட்டது. சின்னப்பா வீட்டில் அதிகம் பேசாமலானார். ஒரு நாள் காலையில் ஷூ மாட்டிவிடும்போது ஐரின் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண் காலண்டர் மேல்தான் இருந்தது, ஆனால் நனைந்திருந்தது.

"இன்னாங்க?"

"வேன் போய்ட்டா நான் இன்னாத்துக்கு ஆவேன் ஐரின்? அறுத்துக்கலாம்னா தாஸு நெனப்பு வருது. வேணான்னா டேரில் குனியறது நெனப்பு வருது. யாராச்சும் ஒருத்தன் சொல்லித் தொலைச்சா நல்லாருக்கும். தப்பாவே சொன்னாலும் பரவால்ல."

ஐரின் லேஸை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "இன்னிக்கு நானும் லீவு போடறேன். ஒரு கை பாத்துடலாம் வாங்க," என்றாள்.

அன்று மஞ்சள் மண்டலத்துக்காரர்களுக்கான கடைசிக் கட்டம். அதற்குப் 'பகிர்ந்து முடிவெடுக்கும் குழு' என்று பெயர். ஒன்பதாம் மாடியில் ஒரு பெரிய முட்டை வடிவ மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தார்கள்: டாக்டர் வாதிராஜ், சட்டப் பிரிவு, இன்ஷூரன்ஸ், மார்க்கெட்டிங், தரக்கட்டுப்பாடு, சத்துணவு, யோகா, குறிப்பெடுக்க ரூபினி, தலைமைக்கு நிறுவனத்தின் டைரக்டர் சந்திரசேகரன். பரீட்சையில் தேறாததால் சின்னப்பா பார்வையாளர். அவருக்கு ஓட்டு இல்லை. ஐரினுக்கு ஓட்டு உண்டா இல்லையா என்று சட்டப் பிரிவு கால் மணி நேரம் ஆராய்ந்து, உட்காரலாம் ஆனால் தலையாட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நாற்காலிகள் கீழே இருந்த அதே இத்தாலி நாற்காலிகள்.

முதலில் போன கூட்டத்தின் குறிப்பைப் படித்தார்கள். போன கூட்டத்து நோயாளி, குழு முடிவெடுக்கும் என்று ஏழு மாதம் காத்திருந்ததில் தானாகவே குணமாகிவிட்டார். இது குழுவின் வெற்றியாகப் பதிவாயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு சந்திரசேகரன் பேசினார். நல்ல கணீர் குரல்.

"மிஸ்டர் சின்னப்பா, நாலு வருஷத்துக்கு முன்னால நாங்களும் மத்த ஆஸ்பத்திரி மாதிரிதான் இருந்தோம். பேஷன்ட் வருவார், டாக்டர் பாப்பார், 'இதைப் பண்ணுங்க'ன்னு சொல்லிடுவார். எவ்வளவு பெரிய வன்முறை பாருங்க! சொன்னா அது தப்பாப் போகலாம். தப்பாப் போனா, சொன்னது யாருன்னு கேப்பாங்க. கேட்டாங்க. ரெண்டு தடவை கோர்ட்ல கேட்டாங்க. அன்னிக்கு முடிவு பண்ணினோம், இனிமே பேஷன்ட்தான் ராஜா. நாலு வருஷமா இந்தக் கட்டடத்துல யாரும் யாருக்கும் எதையும் சொன்னதில்ல. ஒரு புகார் கிடையாது. மூணு அவார்டு. நாங்க யார்மேலயும் எங்க கருத்தைத் திணிக்கறதில்ல. திணிக்கணும்னா மொதல்ல ஒரு கருத்து இருக்கணும். செலவு மிச்சம்னு அதையும் நிறுத்திட்டோம்."

மறுபடி கை தட்டினார்கள்.

யோகா அதிகாரி, சின்னப்பாவின் முதுகு ஏதோ பேசுகிறது, நாம் காது கொடுக்க வேண்டும் என்றார். பேசினால் அதை எழுத்து மூலமாக வாங்க வேண்டும் என்றார் சட்டம். ஆபரேஷன் நடந்தால் 'முன்', 'பின்' போட்டோ தேவைப்படும், 'முன்' போட்டோவுக்கு இன்னும் கொஞ்சம் வளைந்து நிற்க முடியுமா என்று மார்க்கெட்டிங் கேட்டது. சத்துணவு அதிகாரி ராகி நல்லது என்றார். அது மருத்துவக் கருத்தா என்று தரக்கட்டுப்பாடு சந்தேகம் எழுப்பியதும், ராகி வாபஸ் வாங்கப்பட்டது.

நாற்பது நிமிஷம் ஆனபோது சின்னப்பாவுக்கு முதுகு பூட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்து, கார்பெட்டில் மல்லாந்து படுத்துக் காலை மடக்கிக்கொண்டார். ஐரின் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கூட்டம் நின்றது. தரக்கட்டுப்பாடு கையேட்டைப் புரட்டியது. "நோயாளி மேஜை மட்டத்துக்குக் கீழே போனால் கூட்டம் செல்லாது சார்."

"அவரைத் தூக்க ஆள் கூப்பிடுங்க."

"அவங்க ரெண்டு பேருமே முதுகுவலின்னு லீவு சார்," என்றாள் ரூபினி.

சந்திரசேகரன் ஒரு கணம் யோசித்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நம்ம ஆண்டறிக்கையில என்ன எழுதியிருக்கோம்? 'நோயாளியின் மட்டத்துக்கு இறங்கி வருவோம்'. இறங்குங்க எல்லாரும்!"

இறங்கினார்கள். முதலில் மண்டியிட்டார்கள். மண்டியிட்டுக் குறிப்பெடுக்க முடியவில்லை என்று உட்கார்ந்தார்கள். சாய எதுவும் இல்லாததால் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். மேஜையைச் சுற்றி ஒன்பது பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். சட்டப் பிரிவிடமிருந்து "அம்மாடி" என்று ஒரு சத்தம் வந்தது. ஏழு வருஷமாக இத்தாலி நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதுகு முதல் முறையாக நேரான தரையைத் தொட்டிருந்தது. அடுத்து மார்க்கெட்டிங் முனகினார். இன்ஷூரன்ஸ் குறட்டை விட ஆரம்பித்தார். சந்திரசேகரன் மட்டும் கூரையைப் பார்த்தபடி, "கூட்டம் தொடர்கிறதுன்னு எழுதிக்கோ ரூபினி," என்றார். அவர் குரலிலும் முன்பிருந்த கணீர் இல்லை.

டாக்டர் வாதிராஜ் சின்னப்பாவுக்குப் பக்கத்தில், மேஜைக்கு அடியில் கிடந்தார். அங்கிருந்து பார்த்தால் சுவர்க் கேமரா தெரியவில்லை. அதற்கும் இவர் தெரியமாட்டார் என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் மெதுவாக உருண்டு, சின்னப்பாவின் கால்பக்கம் போனார். ஷூவைக் கழற்றினார். ஐந்து நாளில் அந்தக் கட்டடத்தில் ஒரு டாக்டர் சின்னப்பாவைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

"கட்டைவிரலை மேல தூக்குங்க. நான் அமுக்கறேன், விடாதீங்க," என்று ரகசியமாகச் சொன்னார். "ம். இந்தக் கால்? ம். ஒள்ளேது, நல்லது. வலி காலுக்கு எறங்குதா?"

"எப்பவாச்சும் சார். மாசத்துக்கு ஒருவாட்டி. இடுப்புதான் உயிரை வாங்குது."

"மூத்திரம், மோஷன் கண்ட்ரோல் தவறுதா? உக்கார்ற எடம் மரத்துப்போகுதா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்ப இப்போ ஆபரேஷன் பேடா. வேணாம்." டாக்டருக்கு மூச்சு வாங்கியது, பயமா சந்தோஷமா தெரியவில்லை. "இந்த ஆபரேஷன் கால்வலிக்கு நல்லாக் கேக்கும். வெறும் இடுப்புவலிக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். உங்க ஃப்ரெண்டு யாருக்காவது இதுல குணமாயிருந்தா, அவருக்குக் கால்வலி இருந்திருக்கும்."

"ஆமா சார். டேரிலுக்குக் கால்தான்," என்று ஐரின் கிசுகிசுத்தாள்.

"நல்ல பிசியோதெரபிஸ்ட்கிட்ட போங்க, தினமும் நடங்க, ஒரே மூச்சா உக்காராதீங்க. மூணு மாசம் விடாம பண்ணுங்க. ஆனா ஒண்ணு. கால் பலம் போச்சு, பாதம் தொங்குச்சு, மூத்திரம் போறது தெரியலை, அப்படி ஏதாவது ஆச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அன்னிக்கு ஆபரேஷன். யாரையும் கேக்கக்கூடாது."

சின்னப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போயிற்று.

"இவ்ளோதானா சார்?"

"இவ்வளவுதான்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

டாக்டர் மேஜையின் அடிப்பலகையைப் பார்த்தார். அங்கே யாரோ ஒட்டிய சூயிங்கம் காய்ந்துபோயிருந்தது. "நாலு வருஷமாச்சு ஒருத்தருக்குச் சொல்லி. மறந்துபோயிருக்கும்னே நெனச்சேன்," என்றார்.

சின்னப்பா மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு, ஐரின் தோளில் ஒரு கை வைத்து எழுந்தார். நின்றுகொண்டிருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். கீழே கிடந்த குழுவைப் பார்த்து, "எனக்கு இப்ப ஆபரேஷன் வேணாங்க," என்றார்.

சந்திரசேகரன் தலையை மட்டும் தூக்கினார். "யார் சொன்னது?"

டாக்டர் வாதிராஜ் கண்ணை மூடி, இன்ஷூரன்ஸோடு சேர்ந்து குறட்டை விட்டார்.

"யாரும் சொல்லல சார். 'உங்கள் முதுகு, உங்கள் முடிவு'ன்னு வாசல்ல போட்டுக்கீறீங்களே. இது அவர் முதுகு, அவர் முடிவு," என்றாள் ஐரின்.

"மேடம், அது பதிவு பண்ணின வாசகம்," என்று சட்டம் தரையிலிருந்து சொன்னது. "நோயாளிகள் பயன்படுத்த அனுமதி இல்ல."

ரூபினி படுத்தபடியே டேப்லெட்டைத் தேடினாள். அதில் 'இப்போதே' என்றும் 'பிறகு' என்றும் இரண்டு பொத்தான்தான் இருந்தன. மூன்றாவது ஒன்று அமைப்புகளுக்குள் நாலு கதவு தாண்டி இருந்தது. அதைத் திறக்க, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நோயாளி திடமாக இருக்கிறார் என்று மயக்க மருந்து டாக்டரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு வெறும் வயிற்றில் வர வேண்டும்.

"நாங்க சாப்ட்டுட்டோம்," என்று சொல்லிவிட்டு ஐரின் கதவைத் திறந்தாள்.

இரண்டு பேரும் ஒன்பது மாடியும் படியிலேயே இறங்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார்கள். நாலாவது மாடியில்தான் சின்னப்பா ஒற்றைக் காலில் ஷூ இல்லாததைக் கவனித்தார். திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்தார். யோசிக்காமல் எடுத்த முடிவு. ரொம்ப நாளைக்குப் பிறகு.

கோவிந்தப்பாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். ரூட் நடுவில் ஒரு இடத்தில் வேனை நிறுத்தி, ஐந்து நிமிஷம் இறங்கி நடந்துவிட்டு ஓட்டினால் தன்னால் முடியும் என்றார் சின்னப்பா. கோவிந்தப்பா தலையைச் சொறிந்தார், ஸ்கூலுக்கு என்ன பதில் சொல்வது என்றார், பிறகு, "ஆயித்து, சரி, ஜூன் ஒரு மாசம் பாப்போம்," என்றார். ஜூன் போய் ஜூலையும் வந்தது. அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரி பிசியோதெரபி அம்மா ஏழு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். அல்சூர் ஏரிப் பக்கம் தினமும் நடந்தார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதம், ஒரு சிக்னலில் இடுப்பைத் தூக்காமலே பச்சை விழுந்துவிட்டதைக் கவனித்தார். வலி போய்விட்டது என்று சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் ஒரு கோபக்கார மாமனார் மாதிரி அதுபாட்டுக்கு ஒரு மூலையில் இருந்தது. சில நாள் கத்தியது. மற்ற நாளில் இருப்பதே தெரியவில்லை.

செப்டம்பரில் ஊர்த்வாவிலிருந்து போன் வந்தது. சின்னப்பா வேனை ஓரம் கட்டி இறங்கி நடந்துகொண்டிருந்த நேரம்.

"வணக்கம் சார், டெசிஷன் கம்பேனியன் ரூபினி பேசறேன். உங்க ஜர்னி இன்னும் திறந்தே இருக்கு. குழு உங்களை அன்போட நெனச்சுக்கறது..." என்று ஒப்பித்தவள் நிறுத்தினாள். "சார், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது. மத்தியானம் என் நம்பர்லேர்ந்து பண்ணவா?"

மத்தியானம் பண்ணினாள். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. ஏதோ படிக்கட்டில் நின்று பேசுவது போல எதிரொலித்தது.

"எங்கம்மாவுக்கு எட்டு மாசமா முதுகுவலி சார். இங்கதான் காட்டறோம், ஸ்டாஃப் கோட்டாவில. மூணு குழு உக்காந்தாச்சு. நான்தான் மினிட்ஸ் எழுதறேன். உங்களுக்கு இப்ப நல்லா இருக்குன்னு ஐரின் மேடம் போன்ல சொன்னாங்க. நீங்க சொல்லுங்க சார், அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணலாமா, வேணாமா?"

சின்னப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் வேன் டிரைவர்மா. என்னைப் போய்க் கேக்கறியே."

"தெரியும் சார். ஆனா நீங்க ஒரு முடிவு எடுத்தீங்க. எனக்குத் தெரிஞ்சு அப்படி யாரும் இல்ல."

அவர் வேனைச் சுற்றி ஒரு பாதி நடந்தார். தெரியாததைச் சொல்லக் கூடாது. ஆனால் கேட்பதில் தப்பில்லை என்று பட்டது.

"அம்மாவுக்கு எங்க வலிக்குதாம்? இடுப்புலியா, காலுக்கு எறங்குதா?"

மறுமுனையில் டேப்லெட்டைத் தட்டித் தேடும் சத்தம் கேட்டது.

"ஸ்கோர் ஆறு சார்," என்றாள் ரூபினி. பிறகு, "அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்," என்றாள்.